படகுக்கு ரோட்டரி இன்ஜின் வைக்கலாமா?

ஃபைபர் படகில் இருக்கும் டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ரோட்டரி இன்ஜின் வைத்தால் என்ன என்று கடலூர் தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் கேட்டான். புதுச்சேரியில் மெக்கானிக்கல் படிக்கிறான். அப்பா கடலுக்குப் போகிறவர். என்னை மாமா என்று கூப்பிடும் உறவு. என் பட்டறையில் இருந்தவர்கள் அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கரையேற்றி வைக்கும் படகில் எடை என்பது தினமும் முதுகில் வந்து விழும் கணக்கு. டீசல் இன்ஜினையும் அதோடு சேர்ந்த நீண்ட புரொப்பல்லர் தண்டையும் இறக்கி ஏற்ற ஆள் வேண்டும். அதே குதிரைத்திறனைப் பாதி எடையில் தரும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதில் வால்வு கிடையாது, மேலும் கீழும் அடிக்கும் பிஸ்டன் கிடையாது, உதறல் கிடையாது. அப்படியானால் அது ஏன் நம் கரைக்கு வரவில்லை என்று ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை கேட்பது முழுக்க நியாயம்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். கடலூர் முதுநகரில் இன்ஜினைப் பிரித்துப் போடுவதும், புதிது வாங்கலாமா பழையதையே தேற்றலாமா என்று குடும்பத்தோடு பேசுவதும் இந்த நாட்களில்தான். அதனால் அவனுக்குச் சொன்னதை மற்றவர்களுக்கும் பயன்படும்படி எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குதிரைத்திறனைப் பார்த்து இன்ஜின் வாங்கக் கூடாது. ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடப்போகிறது, பழுதானால் அதைத் திறக்கப்போவது யார் கை என்று பார்த்து வாங்க வேண்டும். இந்த இரண்டு கேள்விகளையும் முன்னால் வைத்தால் ரோட்டரிக்கு எங்கே இடம் உண்டு, எங்கே இல்லை என்பது தெரிந்துவிடும்.

முக்கோணம் எப்படிச் சுற்றுகிறது

ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். பிரான்சில் செகன் சகோதரர்கள் செய்து, 1909 முதல் விமானங்களை ஓட்டிய நோம் இன்ஜினுக்கும் ரோட்டரி என்றுதான் பெயர். அதில், வழக்கமாகச் சுற்ற வேண்டிய கிராங்க் தண்டு விமானத்தோடு அசையாமல் பூட்டியிருக்கும்; சிலிண்டர்கள் எல்லாம் விசிறியோடு சேர்ந்து சுற்றும். காற்றைக் கிழித்துச் சுற்றுவதால் சிலிண்டர்கள் தாமாகக் குளிர்ந்தன. உயவுக்கு ஊற்றிய ஆமணக்கெண்ணெய் பாதி எரியாமல் விமானியின் மேலேயே தெறித்தது. முதல் உலகப் போரோடு அதன் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பையன் கேட்டது இதையல்ல.

அவன் கேட்டது ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கல் கண்ட இன்ஜினை. என்.எஸ்.யு. நிறுவனத்தில் அதன் முதல் மாதிரி 1957 பிப்ரவரியில் ஓடியது. வாங்கலின் முதல் வடிவத்தில் உள்ளே இருக்கும் ரோட்டாரும் அதைச் சூழ்ந்த அறையும் இரண்டுமே சுற்றின. ஸ்பார்க் பிளக் மாற்றவே இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருந்தது. அறையை நிறுத்தி வைத்து ரோட்டாரை மட்டும் சுற்றவிடும் வடிவத்தைச் செய்தவர் அதே நிறுவனத்தின் பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே. இன்று ரோட்டரி என்று நாம் பார்ப்பது எல்லாம் அந்த எளிமையான வடிவம்தான்.

நீள்வட்டமான ஓர் அறை. நடு இடுப்பில் இரு பக்கமும் லேசாக இடுங்கியிருக்கும். அதற்குள் பக்கங்கள் சற்று உப்பிய முக்கோண ரோட்டார். அது நேராகச் சுற்றாமல் அச்சை விட்டு விலகி ஆடிச் சுற்றும். ஆனாலும் மூன்று முனைகளும் எந்த நொடியிலும் சுவரை விட்டு விலகாது. முக்கோணத்தின் மூன்று பக்கங்களுக்கும் சுவருக்கும் இடையே மூன்று அறைகள் உண்டாகின்றன. சுற்றி வரும் வழியில் ஒவ்வோர் அறையும் விரிந்து, சுருங்கி, மறுபடி விரிந்து சுருங்கும். காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவது, அமுங்குவது, வெடிப்பது, புகையாக வெளியேறுவது என்ற நான்கு வேலையும் அதிலேயே நடந்துவிடும். துளைகளைத் திறந்து மூடுவதும் ரோட்டாரே என்பதால் வால்வும் அதை இயக்கும் கேம் தண்டும் டைமிங் செயினும் தேவையில்லை.

ரோட்டார் ஒரு சுற்று வரும்போது வெளியே வரும் தண்டு மூன்று சுற்று சுற்றும். ஒரு ரோட்டார் சுற்றுக்கு மூன்று வெடிப்பு. ஆக, தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். ரோட்டரியின் திறனைப் பற்றி வியந்து பேசப்படுவதில் பாதி இங்கே இருக்கிறது. ஜப்பானின் மாஸ்தா கார் நிறுவனத்துடைய புகழ்பெற்ற 13பி இன்ஜினில் 654 சி.சி. கொண்ட இரண்டு ரோட்டார்கள், 1.3 லிட்டர் என்று எழுதுவார்கள். தண்டு சுற்றும் கணக்கில் அது 2.6 லிட்டர் பிஸ்டன் இன்ஜின் உறிஞ்சும் காற்றையே உறிஞ்சுகிறது. ஜப்பானில் வாகன வரி போடுகிறவர்களே ரோட்டரியின் கொள்ளளவை ஒன்றரையால் பெருக்கித்தான் கணக்கிட்டார்கள். ஆகவே 1.3 லிட்டரில் இவ்வளவு திறனா என்று வியக்கத் தேவையில்லை. உருவத்துக்கும் எடைக்கும் இவ்வளவு திறனா என்று வியக்கலாம். அதில் சந்தேகமே இல்லை.

உதறலைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வந்து நின்று, மறுபடி மேலே போக வேண்டும். அந்த நின்று திரும்பும் அடிதான் இன்ஜினின் அடித்தளம் வரை போகிறது. ரோட்டரியில் எதுவும் நின்று திரும்புவதில்லை. தண்டில் எதிர் எடை வைத்தால் சமன்பட்டுவிடும். ஒற்றைச் சிலிண்டர் டீசலோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து வருகிறவர்களின் கை மரத்துப்போவதையும், இன்ஜின் நின்ற பிறகும் அவர்கள் உரக்கவே பேசுவதையும் நான் அன்றாடம் பார்க்கிறேன். இன்ஜின் பூட்டிய இடத்தைச் சுற்றி ஃபைபரில் மயிரிழை விரிசல் விடுவதும் அந்த உதறலால்தான். பையன் தேடியது தகப்பனின் உடம்புக்கு ஒரு நிவாரணம்.

முனையில் உட்கார்ந்திருக்கும் சீல்

ரோட்டரியின் நல்லது கெட்டது எல்லாம் கடைசியில் ஒரு சிறு உலோகத் துண்டில் வந்து நிற்கிறது. முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் ஒரு பள்ளம். அதில் கீழே ஸ்பிரிங் வைத்துச் செருகிய ஒரு பட்டை. அதுதான் முனை சீல். ஓர் அறையின் வெடிப்பு அடுத்த அறைக்குக் கசியாமல் தடுப்பது அதன் வேலை. மாஸ்தாவின் தொடக்க கால இன்ஜின்களில் அதன் தடிமன் 6 மில்லிமீட்டர். பிறகு 3, பிறகு 2 என்று மெலிந்தது.

பிஸ்டன் ரிங்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ரிங் வட்டமானது, சிலிண்டர் சுவரில் ஒரே கோணத்தில் படிந்து ஏறி இறங்கும். கீழே கிராங்க் கேஸிலிருந்து எண்ணெய் தெறித்துக்கொண்டே இருக்கும். மிஞ்சியதை ஆயில் ரிங் வழித்துவிடும். முனை சீலுக்கு அந்த வசதி இல்லை. சுவரை ஒரு கோடாகத்தான் தொடுகிறது. கொத்தனார் பூச்சை இழுக்கும்போது கரண்டியைச் சாய்த்துக்கொண்டே போவது போல, சுவரோடு அதன் கோணம் நொடிக்கு நொடி மாறுகிறது. கீழேயிருந்து எண்ணெய் வர வழியில்லை. அதனால் ஒரு சிறு பம்ப் வைத்து எண்ணெயை அறைக்குள்ளேயே சொட்டவிட வேண்டும். அது பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோகும். ரோட்டரி எண்ணெய் குடிப்பது பழுதின் அடையாளம் அல்ல, அதன் பிறவிக் குணம். எண்ணெய் அளவைப் பார்க்கத் தவறினால் சீல் தேயும், இன்ஜின் அமுக்கம் இழக்கும்.

தொடக்கத்தில் இந்தச் சீல்கள் குறிப்பிட்ட வேகத்தில் அதிர்ந்து சுவரில் அலை அலையாகத் தழும்பு போட்டன. பேயின் நகக்கீறல் என்று மாஸ்தாவின் பொறியாளர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 பேர் கொண்ட குழு அதோடு மல்லுக்கட்டி, கார்பனும் அலுமினியமும் கலந்த சீலில் விடை கண்டது. 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் கார் வந்தது அப்படித்தான். அதே ஆண்டில் என்.எஸ்.யு. வெளியிட்ட ஆர்.ஓ. 80 கார் 1968-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதைப் பெற்றது. ஆனால் அதன் சீல்கள் தாங்கவில்லை. உத்தரவாதத்தில் இன்ஜினை மாற்றிக் கொடுத்துக் கொடுத்தே நிறுவனத்தின் கை இளைத்தது. 1969-இல் ஃபோக்ஸ்வாகன் அதை எடுத்து ஆட்டோ யூனியனோடு இணைத்தது. பிரெஞ்சுக்காரர்களின் சிட்ரோயன் ஜி.எஸ். பைரோட்டார் கதை இன்னும் வருத்தமானது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்த நேரத்தில் அது சந்தைக்கு வந்தது. 847 கார்கள் விற்றன. உதிரிபாகம் கொடுத்துக் காலம் தள்ள முடியாது என்று நிறுவனமே அவற்றைத் திரும்ப வாங்கி அழிக்கப் பார்த்தது. உதிரிபாகம் கிடைக்காத இன்ஜின் எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் உடையவனுக்குச் சுமை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இப்போது பட்டறைக்கு வருகிறேன். தேய்ந்த டீசல் சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல் நகத்தை வைத்து இழுத்தால் ஒரு படி தட்டுப்படும். ரிங் போய்த் திரும்பும் இடம் அது. படி நகத்தைப் பிடித்து நிறுத்தினால் போரிங் போட வேண்டும், அதாவது சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் குடைய வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், அல்லது லைனரை மாற்றிவிடலாம். கடலூரில் லேத் வைத்திருக்கிறவர்களுக்கு இது அன்றாட வேலை. ரோட்டரியின் அறைச் சுவர் வட்டமல்ல; அதை எந்தப் போரிங் மெஷினிலும் சீவ முடியாது. அலுமினிய உடலுக்குள் எஃகுத் தகடு வைத்து, அதன் மேல் குரோம் பூசி அரைத்தது. சீல் உடைந்தால் அந்தத் துண்டு புகைத் துளை வழியாக வெளியேறும் முன் குரோமில் பள்ளம் பறித்துவிட்டுத்தான் போகும். பிறகு ஹவுசிங் என்ற அந்த வெளிக்கூட்டையே மாற்ற வேண்டும். யாருடைய கை திறக்கும் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

எரிபொருள் கணக்கு

பிஸ்டன் இன்ஜினில் வெடிப்பு நடக்கும் இடம் கையடக்கமான ஒரு குழி. ரோட்டரியில் அது நீளமாக, ஒல்லியாக, ஓடிக்கொண்டே இருக்கும் ஓர் இடுக்கு. தீ ஒரு முனையில் பிடித்து மறுமுனைக்குப் போய்ச் சேருவதற்குள் ரோட்டார் நகர்ந்துவிடும். அதற்காகவே பெரும்பாலும் ஒவ்வொரு ரோட்டாருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கிறார்கள். அப்படியும் இடுக்கின் ஓரத்தில் இருக்கும் கலவை எரியாமல் வெளியேறும். சுவரின் பரப்பு அதிகம் என்பதால் வெடிப்பின் சூடு தண்டைத் தள்ளாமல் உலோகத்துக்குப் போய்விடும். அறையின் ஒரு பக்கம் எப்போதும் வெடிக்கும் பக்கம், மறுபக்கம் எப்போதும் குளிர்ந்த காற்று வரும் பக்கம். ஒரே ஹவுசிங்கில் இந்தச் சூட்டு வேறுபாடு எப்போதும் இருக்கும். டீசலுக்குத் தேவையான அமுக்கத்தை இந்த வடிவத்தில் எட்டுவது கடினம். ரோல்ஸ் ராய்ஸ் ஒரு ரோட்டாரின் காற்றை இன்னொரு ரோட்டாருக்குள் ஊட்டி ரோட்டரி டீசல் செய்து பார்த்தது. அது ஆய்வோடு நின்றது.

படகில் இது எவ்வளவு காசு என்று பார்ப்போம். இன்ஜின் சராசரியாக 5 கிலோவாட் திறனில் 6 மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஆக 30 கிலோவாட்-மணி வேலை. ஒரு கிலோ டீசலிலும் ஒரு கிலோ பெட்ரோலிலும் ஏறக்குறைய 12 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. சிறிய டீசல் அதில் 30 விழுக்காட்டையும், ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் 25-ஐயும், ரோட்டரி 20-ஐயும் தண்டுக்குக் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், டீசல் சுமார் 10 லிட்டர், ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் 13 அல்லது 14 லிட்டர், ரோட்டரி 17 லிட்டர் கேட்கும். ரோட்டரிக்கு அதன் மேல் எண்ணெய்ச் செலவும் உண்டு. மீனவர்களுக்கு விற்பனை வரி விலக்கோடு கிடைப்பது டீசல். மீன்பாடு சரியில்லாத நாளில் இந்த 7 லிட்டர் வித்தியாசம், அதுவும் பெட்ரோல் விலையில், பங்கு பிரிக்கும்போது ஒவ்வொருவர் கையிலும் குறையும்.

எடை லாபமும் நினைத்த அளவுக்கு நிற்காது. ரோட்டரி வேகமாகச் சுற்றித்தான் திறனைக் கொடுக்கும், மாஸ்தாவின் ஆர்.எக்ஸ்-8 காரில் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும். வலை இழுத்து வரும் படகின் புரொப்பல்லருக்கு மெதுவான, அழுத்தமான சுழற்சி வேண்டும். நடுவே வேகம் குறைக்கும் கியர் பெட்டி வேண்டும். ரோட்டாரைக் குளிர்விக்க எண்ணெய்க் குளிர்விப்பான், ஹவுசிங்கைக் குளிர்விக்கத் தண்ணீர் பம்ப், தீப்பொறிக்குப் பேட்டரி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தால் பாதி எடை என்றது முக்கால் எடையாகிவிடும். அலுமினியமும் வார்ப்பிரும்பும் அடுக்கடுக்காகச் சேர்ந்த அந்த இன்ஜினில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அலுமினியம் அரித்துப்போகும். புகை வெளியேறும் குழாய் டீசலின் குழாயைவிட மிகவும் சூடாக இருக்கும். நைலான் வலை குவிந்து கிடக்கும் படகில், பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில் அது இருப்பதை நினைத்தாலே எனக்கு மனம் ஒப்பவில்லை.

கடல்சார் உலகம் இதை முயன்று பார்க்காமல் இல்லை. யான்மார் நிறுவனம் 1960-களின் கடைசியில் படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜினை ரோட்டரியில் செய்து விற்றது. அதே யான்மார் உலகமெங்கும் மீனவர்களிடம் பெயர் வாங்கியது டீசல் இன்ஜினால்.

மற்ற இன்ஜின்கள்

டூ ஸ்ட்ரோக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எடையிலும் எளிமையிலும் ரோட்டரிக்கு நேர்ப் போட்டி அதுதான். சுற்றுக்கு ஒரு வெடிப்பு அதிலும் உண்டு. ரிங் மாற்ற எந்த ஊரிலும் ஆள் உண்டு. ஆனால் புது எரிபொருள் உள்ளே வரும்போதே அதில் ஒரு பகுதி புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். 98 சி.சி.யில் 11 குதிரைத்திறன் தந்த யமஹா ஆர்.எக்ஸ் 100 சத்தம் கேட்டால் இன்றும் புதுச்சேரிச் சாலையில் திரும்பிப் பார்க்கிறவர்கள் உண்டு. அதன் உற்பத்தி 1996-இல் நின்றது. டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் புகை விதிகள் ஒவ்வொன்றாக ஓரங்கட்டின. ஐரோப்பாவில் ஆர்.எக்ஸ்-8 காரின் விற்பனை 2010-இல் முடிந்ததும் புகை விதியால்தான்.

ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு நல்ல இயந்திரம். டீசலைவிட லேசு, சத்தம் குறைவு, டூ ஸ்ட்ரோக்கைவிடச் சிக்கனம். வேகமாகப் போய் வேகமாகத் திரும்பும் தொழிலுக்கு அது பொருந்தும். விலையும் பெட்ரோல் செலவும்தான் தடை. படகை ஒருநாளில் சில மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதவர்கள் இதைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம்.

டீசலின் பலம் அதன் முரட்டுத்தனம். தீப்பொறி வேண்டாம், பேட்டரி வேண்டாம். சிறிய இன்ஜினை நடுக்கடலில் கையால் சுற்றிக் கிளப்பலாம். அலை தாண்டும்போது மேலே தண்ணீர் விழுந்தாலும், காற்று உள்ளே போகும் வழியும் டீசல் வரும் வழியும் சுத்தமாக இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். கெட்டுப்போனால் பெரும்பாலும் நாசில், பம்ப், ரிங், ஹெட் கேஸ்கட் என்று அறிந்த இடங்களில்தான் கெடும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்த பிறகு, மின்சாரம் வராத நாட்களில் மேல்நிலைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றியவை டீசல் ஜெனரேட்டர்கள். பழையவை, புகை கக்குபவை, வாடகைக்கு வந்தவை. ஆனால் நின்றுபோனால் ஓட வைக்கத் தெருவுக்கு ஒருவர் இருந்தார்.

மின்மோட்டாரைத்தான் ரோட்டரியின் உண்மையான வாரிசு என்று நான் நினைக்கிறேன். உதறல் இல்லை, சீல் தேய்வதில்லை, எண்ணெய் எரிவதில்லை, நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசை. மோட்டாரில் குறையில்லை, எடை முழுவதும் பேட்டரியில் இருக்கிறது. மேலே சொன்ன 30 கிலோவாட்-மணி வேலைக்கு, கிலோவுக்கு 150 வாட்-மணி தரும் லித்தியம் பேட்டரி 200 கிலோவுக்கு மேல் வேண்டும். பத்து லிட்டர் டீசல் செய்யும் வேலை அது. வலையும் மீனும் பனிக்கட்டியும் ஆட்களும் ஏற வேண்டிய ஃபைபர் படகில் இந்தச் சுமைக்கு இடமில்லை. பிச்சாவரத்தின் கதை வேறு. சுரபுன்னைக் காட்டுக் கால்வாய், அலையில்லாத தண்ணீர், குறுகிய தூரம், சுற்றிவிட்டுத் திரும்பிவரும் ஒரே படகுத்துறை. சுற்றுலாப் படகுக்கு அங்கே மோட்டார் வைப்பதானால் மின்மோட்டாரைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். டீசல் சத்தத்தில் பறவைகள் எழுந்து போவதும் நிற்கும்.

வானத்தில் அதற்கு இடம் இருக்கிறது

ரோட்டரியை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். எடை ஒவ்வொரு கிராமும் பணமாகவும், ஓடும் மணி நேரம் குறைவாகவும், பராமரிக்கத் தனிக் குழு கூடவே இருக்கும்படியாகவும் ஒரு வேலை அமைந்தால், ரோட்டரியை அடித்துக்கொள்ள அதிகப் பேர் இல்லை. 1991 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் நான்கு ரோட்டார் கொண்ட மாஸ்தா 787பி வென்றது. ஐல் ஆஃப் மேன் தீவில் 1992 சீனியர் டி.டி. பந்தயத்தை ஸ்டீவ் ஹிஸ்லாப் நார்ட்டன் ரோட்டரி பைக்கில் வென்றார்.

ஆளில்லா விமானத்தில் அதன் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். பிரிட்டனில் செய்த ஏ.ஆர். 731 ரோட்டரி சுமார் 10 கிலோ எடையில் 38 குதிரைத்திறன் தருகிறது. விமானத்தில் கேமரா வைத்தால் உதறாத இன்ஜின்தான் படத்தைக் காப்பாற்றும். நம் நாட்டிலும் தேசிய விண்வெளி ஆய்வகங்கள் உள்ளிட்ட மூன்று ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து 55 குதிரைத்திறன் வாங்கல் இன்ஜின் ஒன்றை உருவாக்கின. 2009-இல் கோலாரில் நிஷாந்த் ஆளில்லா விமானம் அதன் திறனில் பறந்தது. இந்தச் செய்தி நம் பொறியியல் மாணவர்களிடையே இன்னும் நன்றாகப் பரவியிருக்க வேண்டும் என்பது என் ஆசை. உள்நாட்டிலேயே அப்படி ஓர் இன்ஜினைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மாஸ்தா 2023-இல் ரோட்டரியைத் திரும்பக் கொண்டுவந்த விதத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. எம்.எக்ஸ்-30 ஆர்-ஈ.வி. காரில் சக்கரத்தைச் சுற்றுவது மின்மோட்டார் மட்டும். 830 சி.சி. கொண்ட ஒற்றை ரோட்டார் 17.8 கிலோவாட்-மணி பேட்டரிக்கு மின்சாரம் உண்டாக்குகிறது. சிக்னலில் நின்று நின்று போகும்போது ரோட்டரி வீணடிக்கும் பெட்ரோலை, அதற்கு ஒத்துவரும் வேகத்தில் மட்டும் ஓடவிட்டுக் குறைக்கிறார்கள். மோட்டாருக்குப் பக்கத்தில் அடங்கிவிடும் அதன் சிறிய உருவத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஒரு பலவீனத்தை ஒளித்து வைக்காமல், அது தொந்தரவு செய்யாத வேலையைத் தேடிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆக, எதை வாங்குவது

பையனின் அப்பாவுக்கு டீசல்தான். ஆனால் பழைய கனமான இன்ஜினையே மறுபடி வாங்க வேண்டியதில்லை. அலுமினிய உடல் கொண்ட, காற்றால் குளிரும் இன்ஜின்கள் வார்ப்பிரும்பு இன்ஜின்களைவிடக் கணிசமாக லேசானவை. வசதி இருந்தால் இரட்டைச் சிலிண்டர் பார்க்கலாம், உதறல் குறையும். பூட்டும் இடத்தில் நல்ல ரப்பர் மவுண்ட் வைத்து, தண்டின் நேர்கோட்டைச் சரிபார்த்தால் ஃபைபர் விரிசல் பெருமளவு நிற்கும். சைலன்சரை ஓட்டை விழும்வரை விட்டுவைப்பது நம் கரையில் வழக்கமாகிவிட்டது. தடைக்காலத்தில் அதை மாற்றிவிடுவது காதுக்குச் செய்யும் பெரிய உபகாரம். காதில் வைக்கும் அடைப்பானுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இத்தனையும் செய்தால், ரோட்டரியில் அவன் எதிர்பார்த்த சுகத்தில் ஒரு பங்கு இப்போதே கிடைத்துவிடும்.

பந்தயக் கார் கட்டும் கல்லூரிக் குழுக்களுக்கு ஒரு சொல். ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிகளின் விதி 710 சி.சி.க்கு மேற்படாத ஃபோர் ஸ்ட்ரோக் பிஸ்டன் இன்ஜினைத்தான் அனுமதிக்கிறது. ரோட்டரியோடு போனால் சோதனை மேசையைத் தாண்ட முடியாது.

அவனுடைய இறுதியாண்டு திட்டத்துக்கு மட்டும் ரோட்டரியைத்தான் எடுக்கச் சொன்னேன். படகுக்கு வேண்டாம் என்று சொன்ன அதே இன்ஜின் கடலோரக் கண்காணிப்பு ட்ரோனுக்குப் பொருந்துமா என்பது அளந்து பார்க்கத்தக்க கேள்வி. மாதிரி விமானங்களுக்காக ஜப்பானின் ஓ.எஸ். நிறுவனம் செய்த 5 சி.சி. ரோட்டரி இருக்கிறது, எங்காவது பொழுதுபோக்கு விமானக்காரர்களிடம் பழையது கிடைக்கலாம். அதையும் அதே அளவிலான பிஸ்டன் இன்ஜினையும் ஒரே விசிறியில், ஒரே சுற்று வேகத்தில் ஓட்டினால் இரண்டும் செய்வது ஒரே வேலை. பத்து நிமிடத்தில் எது எவ்வளவு எரிபொருள் குடித்தது, எவ்வளவு எடை, விசிறி நிற்கும் பலகை எவ்வளவு உதறுகிறது என்று மூன்றையும் எழுதிவிடலாம். ஒரு மணி நேரப் பறப்புக்கு ரோட்டரியின் எடை லாபத்தை அதன் கூடுதல் எரிபொருள் தின்றுவிடுகிறதா, ஐந்து மணி நேரத்துக்கு என்ன ஆகிறது என்று கோடு போட்டுப் பார்த்தால், இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் மணி நேரம் தெரிந்துவிடும். விசிறி பூட்டும் சட்டத்தை என் பட்டறையிலேயே வெல்டிங் செய்து தருகிறேன். சுற்று வேகம் அளக்கும் கருவியையும் அளவுக் குழாயையும் அவன் கல்லூரியிலிருந்து கொண்டு வர வேண்டும்.